மெர்சி பெட்டிஷனில் நாலு குழந்தைகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூரில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்த நாட்களில் 'மெர்சி' என்ற இங்கிலீஷ் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்கக் கேட்பவருக்கும் மெர்சி, கிஸ்தி கட்டத் தவணை கேட்பவருக்கும் மெர்சி, மலைக்கு மாற்றாதீர்கள் என்று கெஞ்சும் போலீஸ்காரருக்கும் மெர்சி. மனு எதுவானாலும் கடைசிப் பத்தியில் அது வந்து உட்கார்ந்துவிடும். விரல்கள் தாமாகவே அடித்துக்கொண்டு போகும். மனசு அந்நேரம் எதிர்ச்சாரி காப்பிக் கிளப்பில் இருக்கும்.

இப்படி அடித்துத் தள்ளினாலும், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்னைப் போல் தெரிந்தவன் ஊரில் இல்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது. ஆபீசில் என்னை 'டிக்ஷனரி' என்பார்கள். கேலிக்குத்தான் சொன்னார்கள், நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும், பிடித்துக்கொள்வேன். "பிட்டி என்றால் பாவம் பார்ப்பது. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், கால் ஒடிந்த நாயைப் பார்த்தபடி நடந்துகொண்டே செய்யலாம். கைண்ட்னஸ் என்றால் நல்லபடியாக நடந்துகொள்வது. மெர்சி அப்படி அல்ல. அடிக்க அதிகாரம் இருக்க வேண்டும், அடிக்கக் காரணமும் இருக்க வேண்டும். அப்புறமும் ஓங்கிய கையை இறக்கினால்தான் அது மெர்சி" என்பேன். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். வயது இருபத்தாறு. கண்ணாடியில் பவர் கிடையாது என்பது வேறு விஷயம்.

ஒரு மார்கழி மாதத்தில் பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளை எங்கள் ஆபீசுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். புருஷனுக்குத் தூக்கு. பங்காளிகள் இரண்டு பேருக்குப் பொதுவாக ஒரு கிணறு. இவனுடைய முறை நாளில் அந்தப் பங்காளி எருதுகளைக் கொண்டுவந்து கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்திருக்கிறான். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, இவன் மம்முட்டியால் ஓங்கிப் போட்டுவிட்டான். ஒரே அடியில் ஆள் போய்விட்டான். பிறகு தானே நடந்து போய் ஊர் மணியகாரரிடம் சொல்லிவிட்டு அவர் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டானாம். ஆனால் வீட்டுக்குப் போய் மம்முட்டி எடுத்து வந்து அடித்ததாக ஒரு சாட்சி சொன்னது. அதனால் செஷன்ஸில் தூக்கு என்றார்கள். சென்னப்பட்டணத்து ஹைகோர்ட்டும் அதுவே சரி என்றது. இனி கவர்னருக்கு ஒரு மெர்சி பெட்டிஷன் போடலாம், அதற்கும் சில நாள்தான் கெடு.

வக்கீல் என்னைக் கூப்பிட்டார். அவர் நல்ல கெட்டிக்காரர், மகா கோபக்காரர். எனக்கு முன்னால் இருந்த டைப்பிஸ்டை ஒரே ஒரு தேதியைத் தப்பாக அடித்ததற்காக அன்றைக்கே வெளியே அனுப்பியவர். "போன வருஷம் அந்தக் கொடுமுடிக்காரருக்குப் போட்டோமே, அந்த மனுக் காப்பியை எடுங்க. ராசியான காப்பி. கேஸ் விவரத்தை நான் சொல்றேன். குடும்ப விவரத்தை அந்தம்மாகிட்டக் கேட்டு மாத்திக்குங்க. மத்தது ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது" என்றார்.

எங்கள் தொழிலில் இது ஒரு வழக்கம். ஜெயித்த மனு என்றால் அதற்கு ராசி உண்டு. கொடுமுடிக்காரருக்குத் தூக்குப் போய் ஆயுள் தண்டனை ஆனது. அதற்குப் பிறகு அந்த நகலை வக்கீல் தனியாக ஒரு சிவப்பு நாடாவில் கட்டி வைத்திருந்தார். அதை எடுக்கும்போது கையைக்கூடத் துடைத்துக்கொள்வோம். சட்டம் படித்தவர்களும் இங்கிலீஷ் தெரிந்தவர்களும் இப்படியா என்று கேட்டால், ஆமாம், இப்படித்தான்.

நான் கார்பன் வைத்து அடிக்க ஆரம்பித்தேன். அன்று பார்த்து எனக்கு வீட்டு நினைப்பு. மே மாதம் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும் நாளைக் கேட்கப் பாதிரி ஐயரிடம் போக வேண்டும். அப்பா இல்லாத வீடு. எல்லாம் என் தலையில். குடும்ப விவரம் வருகிற பத்திக்கு வந்தபோது விரல் நிற்கவில்லை. கொடுமுடிக்காரரின் நகலில் இருந்தது இருந்தபடி, 'அவனையே நம்பியிருக்கும் மனைவி, பச்சிளம் குழந்தைகள் நால்வர்' என்று இங்கிலீஷில் விழுந்தது. அந்தப் பெண்பிள்ளை நாலடி தூரத்தில், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியும் இருந்தார்கள். நான் கேட்கவில்லை. இதற்கு மேல் அதற்குக் காரணம் கிடையாது.

அடித்து முடித்ததும் வழக்கப்படி அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அவளுடைய அண்ணன் வெளியே வண்டி மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். நாலு குழந்தைகள் என்று படித்த இடத்தில் அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. என் இங்கிலீஷ் தமிழிலும் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"உட்காருங்கம்மா" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்றாள். பிறகு, "ஏனுங்க, மெர்சி மெர்சின்னு அந்த வக்கீல் ஐயா சொன்னாருங்களே, அப்படீன்னா என்னங்க?" என்று கேட்டாள்.

சும்மா இருப்பேனா? பிட்டியில் தொடங்கி, நாய்க் கதையைச் சொல்லி, ஓங்கிய கை வரை வந்து முடித்தேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப அது கை ஓங்கறவங்ககிட்ட இருக்கறதுங்க. எங்களையாட்டம் இருக்கறவங்க பாவம் பாக்கலாம். அது வேறைங்க" என்றாள்.

அந்த ஆபீசில் என் விளக்கத்தை இவ்வளவு சுருக்காகப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தங்கை கல்யாண விஷயத்தைக்கூட அவளிடம் சொன்னேன். "நல்லா நடக்குமுங்க" என்றாள். பிறகு பெருவிரலில் மையைத் தடவி ரேகை வைக்கச் சொன்னேன். வைக்கும் முன்னால் ஒரு கணம் தயங்கினாள். "இதுல எழுதியிருக்கறதெல்லாம் இப்படியே இருக்கட்டுங்களா?" என்றாள்.

"எல்லாம் ராசியான வார்த்தைங்க. ஒண்ணையும் தொடக்கூடாது" என்றேன்.

"சேரிங்க. தெரிஞ்சவங்க எழுதியிருக்கறீங்க" என்று சொல்லி ரேகையை வைத்தாள்.

மனு அவள் பேரிலேயே போயிற்று. வக்கீலின் பேரோ என் பேரோ அதில் கிடையாது, அதுதான் வழக்கம். நான் அடுத்த கட்டைப் பிரித்துவிட்டேன். அதன் பிறகு அவளை நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, மத்தியானம். காப்பிக் கிளப்பில் பல்லடம் பக்கத்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நிலப் பத்திரங்கள் விஷயமாக எங்கள் ஆபீசுக்கு வந்து போகிறவர். எனக்கு நல்ல பழக்கம். கலெக்டர் ஆபீசில் ஒரு ரிப்போர்ட் கொடுக்க வந்தாராம். ஆபீஸ் மூடிவிட்டது. திங்கட்கிழமை கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உக்கடத்தில் மாமனார் வீட்டில் தங்கப் போகிறார். காக்கிப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கூத்தைக் கேளுங்க" என்று ஆரம்பித்தார். "ஒரு தூக்குக் கேசுங்க. மெர்சி பெட்டிஷன் மேல விசாரிக்கச் சொல்லி மேல இருந்து வந்துச்சு. போனேன். ஊட்டு வாசல்ல நாலு கொழந்தைங்க வரிசையா நிக்குதுங்க. தலைக்கு எண்ணெ வெச்சு, நெத்தியில துண்ணூறு பூசி, அத்தனை சுத்தம். என்னையக் கண்டதும் நாலும் ஒரே குரல்ல அந்தப் பொம்பளையைப் பாத்து அம்மாங்குதுங்க. ஒண்ணுக்கொண்ணு சாடையே இல்லீங்க. ரெண்டுக்கு ஒரே வயசு. இருக்கறதுலயே சின்னதைக் கூப்பிட்டு, உங்க ஊடு எது கண்ணுன்னு கேட்டேன். அது நேரா எதுத்த ஊட்டைக் கையைக் காட்டிப்போட்டுதுங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார்.

தூக்கிவாரிப் போட்டது. டம்ளர் சாய்ந்து காப்பி வேட்டியெல்லாம் ஓடியது. சூடு உறைக்கவில்லை. பையன் ஓடிவந்து மேஜையைத் துடைத்தான். இன்ஸ்பெக்டர் தன் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்துங்க" என்றார்.

"அந்தம்மாளுக்குக் குழந்தை…" என்று இழுத்தேன்.

"ஒண்ணுகூட இல்லீங்க. கட்டிக்குடுத்துப் பன்னெண்டு வருசமாச்சாமா. மணியகாரர் சொன்னாரு. அதுல ரெண்டு அவ அண்ணன் கொழந்தைங்க, ரெண்டு அக்கம்பக்கத்துலிருந்து எரவல் வாங்கி நிறுத்துனது. பெட்டிஷன்ல நாலுன்னு எழுதியிருக்குது, அதுக்காக நாலைக் காட்டறா." அவர் காப்பியை ஆற்றிக் குடித்தார். "எனக்கே சங்கட்டமாப் போச்சுங்க. ஆளு நல்லவன்னு ஊரே சொல்லுது. செத்தவன் பொண்டாட்டிகூட, அவரும் போயி என்னங்க ஆகப்போகுதுங்கறா. சிபாரிசாவே எழுதிப்போடலாம்னு இருந்தேன். அதுனால அவளைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏம்மா, எழுதுனவன் உன்னையக் கேக்காமத் தானா எழுதிப்போட்டானா, அப்படீன்னா சொல்லு, குமாஸ்தா தப்பு, இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக்கறேன், உனக்கும் நல்லது, உம் புருசனுக்கும் நல்லதுன்னேன். மூணு வாட்டி கேட்டேனுங்க. இல்லீங்க, நாந்தானுங்க நாலுன்னு எழுதச் சொன்னேன்னு ஒரே பேச்சு. எழுதுனது ஆருன்னா வாயே தொறக்கல."

"இப்ப என்ன எழுதியிருக்கீங்க?"

"நடந்ததைத்தானுங்க. அந்தப் பொம்பளை பொய் சொல்லி, ஆளும் நிறுத்தி ஏமாத்தப் பாத்தான்னு. நான் எழுதாட்டி மணியகாரர் எழுதுவாரு. அப்பறம் நான் எங்க போறது?"

யாரையோ பற்றிக் கேட்பதுபோல் கேட்டேன். "எழுதுனவனே வந்து, இது என் தப்புன்னு சொன்னா?"

"சொன்னா, இதை இங்கயே கிழிச்சுப்போட்டு வேற எழுதுவேனுங்க" என்று பையைத் தட்டினார். "எவன் வருவான், சொல்லுங்க. பொழப்பு போயிருமே."

நான் நனைந்த வேட்டியை உதறினேன். அவர் எழுந்து, கையைக் கழுவி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போகும்வரை உதறிக்கொண்டே இருந்தேன்.

ஆபீசுக்கு ஓடி நகலை எடுத்துப் பார்த்தேன். ஒருவேளை நான் அடித்தது வேறாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. நாலு என்றுதான் இருந்தது. கார்பன் நீலத்தில், தெளிவாக, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருந்தது. உள்ளறையில் வக்கீல் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல வேண்டும் என்று கதவுவரை போனேன். அந்தப் பழைய டைப்பிஸ்ட் தேதியைத் தப்பாக அடித்த கதை நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து மெஷினுக்கு உறை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் தங்கையின் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எல்லோரும் முழங்கால் போட்டு, எங்கள் மேல் இரக்கமாயிரும் என்று வேண்டிக்கொண்டோம். நானும் வேண்டினேன். நல்ல குரல் எனக்கு. இரக்கம் என்ற அந்தத் தமிழ்ச் சொல்லையும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். மெர்சியை எப்படி அடித்துத் தள்ளினேனோ அப்படியேதான் இதையும் சொல்லித் தள்ளியிருக்கிறேன் என்று அன்று முழங்காலில் இருந்தபோது தெரிந்தது. தெரிந்து என்ன? அங்கிருந்து உக்கடத்துக்கு நடந்தால் அரை மணி நேரம். மாமனார் வீடு எது என்று விசாரித்தால் யாரும் சொல்வார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை. வெளியே புளிய மரத்தடியில் நின்றேன். இன்ஸ்பெக்டர் பையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர, "என்னங்க, இந்தப் பக்கம்?" என்றார்.

"ஸ்டாம்புப் பேப்பர் வாங்க வந்தேனுங்க" என்றேன்.

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். பை தட்டையாக இருந்தது. எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் பல்லடம் பஸ்ஸுக்குப் போனார்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. கவர்னர் இதில் தலையிடக் காரணம் எதையும் காணவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதில் மெர்சி என்ற சொல்லே இல்லை. வக்கீல் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "ராசியான காப்பியாச்சே, எப்படித் தப்புச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன். சிவப்பு நாடாவைப் பிரித்து அந்த நகலை மற்றக் கட்டுகளோடு போடச் சொன்னார். போட்டேன். மாசியில் ஒரு நாள் காலை ஜெயிலில் அந்த ஆளைத் தூக்கில் போட்டார்கள். அவனை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அது நல்லதாயிற்று என்று அப்போது நினைத்தேன். இல்லை, நல்லதாகவில்லை, முகம் தெரியாததால் எந்த முகத்தைப் பார்த்தாலும் அவனாக இருக்குமோ என்று திடுக்கிடுவது கொஞ்ச நாள் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவள் வந்தாள். வெள்ளைச் சேலை. இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று. ஒரு கையில் துணி மூட்டை. மெஷின் முன்னால் இருந்தவன் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். கட்சிக்காரர்களுக்கு நான் எழுந்து நிற்பதில்லை. வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

மூட்டையை மேஜை மேல் வைத்தாள். "எங்க காட்டுக் கடலைங்க. அண்ணன் வெதைச்சது. எங்களுக்காக இத்தனை பாடுபட்டீங்க, ஒரு வார்த்தை சொல்லாம இருக்கறது நல்லாயிருக்காதுங்க" என்றாள்.

ஏதோ ஒரு சுடுசொல், ஒரு அழுகை, ஒரு சாபம் என்று எதற்கெல்லாமோ பயந்து நின்றவன் இதை எதிர்பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "அன்னைக்கு நான் படிச்சப்பவே, எனக்குக் கொழந்தை இல்லீன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, தப்பை அவள் தலையில் ஏற்றுகிறேன் என்று.

அவளுக்குக் கோபம் வரவில்லை. "சொல்லலாம்னுதானுங்க வந்துச்சு. ஆனா நீங்க விசயம் தெரிஞ்சவங்க. கவர்னர் தொரைக்குக் கொழந்தை இருக்கறவங்க மேலதான் எரக்கம் வருமாட்டம் இருக்குது, அதுனாலதான் போட்டிருக்கறாங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க. கொழந்தை இல்லாதவளுக்கு எங்கூர்லயே ஆரும் பாவம் பாக்கறதில்லீங்களே" என்றாள். பிறகு குழந்தையை இடுப்பில் சரிசெய்துகொண்டு, "இது எதுத்த ஊட்டுதுங்க. அன்னிக்கு ஒரு நாளைக்கு அம்மான்னு கூப்பிடச் சொல்லிக் குடுத்தேன். மத்த மூணும் மறந்துபோச்சுங்க. இது மட்டும் உட மாட்டேங்குது" என்றாள்.

குழந்தை என் மெஷினின் வெள்ளைப் பித்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"விசாரிக்க வந்தவருகிட்ட என் பேரைச் சொல்லியிருக்கலாமே" என்றேன். அவர் என்னிடம் பேசியதை அவள் அறியமாட்டாள். அப்படி ஒருவர் கேட்டிருப்பார் என்று நானாக ஊகிப்பது போல் கேட்டேன். அந்த நேரத்திலும் அவ்வளவு சாமர்த்தியம்.

"கேட்டாருங்க. மூணு வாட்டி கேட்டாரு" என்றாள். "உங்க பேரைச் சொன்னா உங்க பொழப்பு போயிருமுங்களே. தங்கச்சிக்குக் கல்லாணம் வெச்சிருக்கறதாச் சொன்னீங்க. எங்களுக்குன்னு எழுதிக் குடுத்த மனுசரைப் புடிச்சுக் குடுக்க எனக்கு வாய் வரலீங்க."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி இத்தனை நாள் ஆபீசுக்குப் பாடம் நடத்தினேனே, அடிக்க அதிகாரம், அடிக்கக் காரணம், ஓங்கிய கை என்று, அது அத்தனையும் இவள் கையில் இருந்திருக்கிறது. கை ஓங்குகிறவர்களிடம் இருப்பது அது என்று என்னிடம் சொன்னவள், தன் கை ஓங்கியிருந்ததைக்கூட அறியாமல் இறக்கிவிட்டாள். என் கையிலும் ஒரு மத்தியானம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு காலை நேரம் இருந்தது. புளிய மரத்தடியில் நின்று ஸ்டாம்புப் பேப்பர் என்றேன்.

அவள் போகத் திரும்பினாள். வாசற்படிவரை போய், அங்கேயே நின்றாள். என்னைப் பார்க்காமல் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணே ஒண்ணுதானுங்க. அன்னிக்கு உங்க பேரைச் சொல்லியிருந்தா, அவரு பொழச்சிருப்பாருங்களா?"

இதைக் கேட்கத்தான் அத்தனை தூரம் வந்திருக்கிறாள். கடலை, நன்றி எல்லாம் அப்புறம். ஒரு மாதமாக இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினாளோ. நான் ஆமாம் என்று சொன்னால் அவள் அந்தப் படியிலேயே செத்துப்போவாள். இல்லை என்று சொன்னால் பிழைத்துக்கொள்வாள், நானும்தான்.

"இல்லீங்கம்மா. அப்பவும் ஒண்ணும் மாறியிருக்காது" என்றேன்.

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்படீங்களா? சேரிங்க" என்றாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "அப்ப வாரேனுங்க" என்று சொல்லிப் படி இறங்கினாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

அந்தப் பொய்யை எந்தச் சொல்லில் சேர்ப்பது என்று டிக்ஷனரிக்கு இன்றுவரை தெரியவில்லை. அவளுக்காகச் சொன்னேன் என்று சில நாள் நினைப்பேன். அப்படி நினைக்கிற நாட்களில் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கும்.

மூட்டையை ஆபீசில் வைத்துவிட்டு வரத் தைரியமில்லை, வக்கீல் கேட்பார். வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா கடலையை உப்புப் போட்டு வேகவைத்தாள். செம்மண் காட்டுக் கடலை, நல்ல பருமன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உரித்துத் தின்றோம். தங்கை, "இத்தனை ருசியா இருக்குதே, ஆரு அண்ணா குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு கட்சிக்காரர்" என்றேன். அம்மா என் பக்கமாக இன்னொரு கை அள்ளி வைத்தாள். அதையும் தின்றேன்.